வாளுக்கு வைத்த சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் மனோர் பார்க்கில் ஒரு வயதான வெள்ளைக்காரரின் வீட்டைத் துப்புரவாக்கச் செவ்வாயும் வெள்ளியும் போவேன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, கண்ணும் மங்கல். முன்னறைச் சுவரில் ஒரு வாள் தொங்கியது. நெப்போலியனோடு சண்டை நடந்த காலத்தில் குதிரைப்படை அதிகாரியாக இருந்த அவருடைய பூட்டனின் வாள்.

மாதம் ஒருமுறை அதை உறையிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பேன். அப்போதுதான் அவர் கதை சொல்வார். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பாதி விளங்கும், மீதியைக் கையால் காட்டுவார்.

அந்தப் பூட்டனுக்குப் பதினாறு வயதில் தகப்பன் பணம் கட்டிப் பதவியை வாங்கிக் கொடுத்தாராம். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். ஸ்பெயினுக்குப் போன முதல் வருடமே பின்வாங்க வேண்டி வந்தது. கடற்கரையில் கப்பல்கள் நின்றன, குதிரைகளுக்கு இடமில்லை. எதிரி கையில் கிடைக்காமல் அவற்றைச் சுடச் சொல்லிக் கட்டளை. அவன் தன் குதிரையின் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிற்க, வேறொருவன் சுட்டானாம். எத்தனை தரம் கேட்டாலும் அந்த இடத்தில் என் துணி நின்றுவிடும்.

பிறகு வாட்டர்லூவில் தோளில் ஈட்டிக் குத்து. சமாதானம் வந்ததும் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சாகும்வரை கால் சப்பாத்தை மினுக்கி வைத்திருந்தாராம். கடிதம் வரவில்லை.

தனக்குப் பிறகு அந்த வாளைக் கவனிக்க ஆளில்லை என்பது கிழவருக்குப் பெரிய கவலை. ஒரு மியூசியத்துக்கு மூன்று கடிதம் எழுதி, கடைசியில் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. வீட்டில் கத்தரிக்கோலுக்கும் கறி நறுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனேன். உண்மையான ஆயுதம் சுவரில் சும்மா தொங்க மனம் கேட்கவில்லை. கிழவர் குளியலறையில் இருந்தபோது வாளை இழுத்து, சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். கும்பிட்டுவிட்டு உறையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சந்தனத்தைத் துடைத்தபோது, அடியில் விரல் நுனியளவு துரு. தேய்த்தேன், போகவில்லை.

மகளிடம் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? வெள்ளைக்காரன்ர வாளுக்கு ஆராவது பொட்டு வைப்பினமே?"

"ஆயுதம்தானே பிள்ளை."

"மியூசியம்காரன் வேண்டாமெண்டு போனா அந்த மனுசன் என்ன செய்யும்? நான் போனிலை சொல்லுறன்."

"வேண்டாம். நானே சொல்லுறன்."

"உங்களுக்கு இங்கிலீசு வருமே?"

"பிழை செய்யத் தெரிஞ்சவளுக்குச் சொல்லவும் தெரியும்."

வெள்ளிக்கிழமை, மியூசியம்காரர் வருமுன் வெள்ளெனவே போனேன். வாளை எடுத்து அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். என் நெற்றியைத் தொட்டேன், வாளைத் தொட்டேன், கைகூப்பினேன். "சாமி, சேர். மரியாதை. ஐ டூ. சொறி." அவ்வளவுதான் வந்தது.

அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு, "என் பூட்டனின் மனைவி இதில் தொப்பியைத் தொங்கவிடுவாளாம். கும்பிட்டது நீதான் முதல் ஆள்," என்றார்.

மியூசியம்காரர் வெள்ளைக் கையுறை போட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். புதுத் துருவாயிருக்கிறதே என்றார். "என் கவனக்குறைவு," என்றார் கிழவர்.

"நோ. நான்தான்," என்றேன். அந்நியர் முன் நான் வாய் திறப்பதேயில்லை. எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது.

மியூசியம்காரர் என்னையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணெய் போட்டால் மேலே பரவாது, அடையாளம் மட்டும் இருக்கும், பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறோம் என்றார். துணியில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனார்.

வாள் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துக் கிடந்தது. நான் வாளியை எடுக்கக் குனிந்தேன். "இன்றைக்கு வேலை போதும்," என்று கிழவரே சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தேத்தண்ணி போட்டு வந்தார். சீனி கூடிப்போயிருந்தது. நாங்கள் இருவரும் அதைக் குடித்து முடித்தோம்.