இரண்டு மணி நேரக் கொதி

ஒரு பேராசிரியரைப் பற்றி எழுத நீ யார் என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் பார்டரில் பாஸ் ஆனவள் நான். அவர் எழுதியதில் ஒரு பக்கம்கூட எனக்குப் புரியாது. அவருடைய கண்ணாடிச் சாமான்களைக் கழுவியிருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாத விஷயத்தில் தலையிடுவதாக நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் அபார்ட்மென்ட் நித்யா கைக்குழந்தையோடு வந்தாள். பாட்டில் சுத்தம் பண்ணும் மெஷின் ரிப்பேராம். என் அடுப்பில் தண்ணீர் வைத்துக் கண்ணாடிப் பாட்டில்களைப் போட்டோம். கொதி வந்ததும் அவை ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுத்தன.

“எவ்ளோ நேரம் ஆன்ட்டி பாயில் பண்ணணும்?”

“ரெண்டு மணி நேரம்” என்றேன், யோசிக்காமல்.

“ஐயோ ஆன்ட்டி, பாட்டில் சூப்பாயிடும்! அஞ்சு நிமிஷம் போதும்னு டாக்டர் சொன்னாங்க.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் போன பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை.

கிரீன் கார்டு வந்த வருஷம், நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கெமிஸ்ட்ரி கட்டடத்தில் சாமான் கழுவும் வேலை, அதுவும் தற்காலிகம். ஊரில் அம்மாவிடம் “லேப்ல வேலை” என்று மட்டும் சொல்லியிருந்தேன். என் மகள் அமெரிக்காவில் விஞ்ஞானி என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பேராசிரியர் ஜெர்மன்காரர், எண்பதை நெருங்கியவர். மின்சாரமும் ரசாயனமும் சேரும் இடம்தான் அவர் படிப்பு. ரிட்டயர் ஆன பிறகு ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையை அவருக்கு விட்டுவைத்திருந்தார்கள். அங்கே எப்போதும் பென்சில் சீவலும் கருப்பு ரொட்டியும் கலந்த வாசனை. கட்டடமே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவர் ஒருவர்தான் “மிஸஸ் குமார்” என்பார். என் மாமியாருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அவர் அப்பா ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். சட்டையெல்லாம் ஆசிட் பட்டு ஓட்டை. ‘துணியைத் தின்கிற தண்ணீர் எப்படி விளக்கை எரிய வைக்கிறது?’ என்று இவர் சின்ன வயதில் கேட்டாராம். படிப்பு அங்கே ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கென்று அமெரிக்கா வந்தவர் நாற்பது வருஷம் பாடம் நடத்திவிட்டார். இதை மட்டும் நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாணவர்களின் விடைத்தாளைப் பென்சிலால்தான் திருத்துவாராம். ஏன் என்று கேட்டேன். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: “தப்பு என்னோடதா இருந்தா அழிக்கணும் இல்லையா?”

இளவயதில் அவர் செய்த ஒரு அளவீட்டை வேறு நாட்டுக்காரர் ஒருவர் தவறென்று எழுதிவிட்டார். அறையைக் காலி செய்வதற்குள் அதை இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கண்ணாடிக் குடுவையில் ஆசிட் தண்ணீர், அதில் ஒரு பிளாட்டினத் தகடு. மின்சாரம் விட்டால் பழைய மெஷினின் பேனா காகிதத்தில் கோடு போடும். எல்லாம் சுத்தமாக இருந்தால் கோட்டில் இரண்டு மேடு எழும்பும், ஒட்டகத்தின் முதுகு மாதிரி.

அந்தக் குடுவைக்குச் சோப்பு கூடாது, துணி கூடாது, உள்ளே விரல் படக்கூடாது. சுத்த நீரில் இரண்டு மணி நேரம் கொதிக்க வேண்டும்.

“சோப்பு போடலேன்னா அது கழுவின மாதிரியா சார்?”

“சோப்பும் அழுக்குதான், மிஸஸ் குமார்.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் இரண்டு வருஷம் அப்படியே செய்தேன்.

அப்புறம் என் கணவருக்கு டெக்சாஸில் புராஜெக்ட் வந்தது. டேகேர் ஆறு மணிக்கு மூடும். ஐந்து பத்து ரயிலை விட்டால், நாலு வயசு மகள் ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு, கடைசிக் குழந்தையாக உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கொதிக்க வைக்காமல், சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, புதுத் துணியால் துடைத்து வைத்தேன். பொங்கலுக்குத் துலக்கிய செம்பு மாதிரி மின்னியது. அதுவே பழக்கமானது.

மேடுகள் அமுங்கின. அவர் தகட்டை மாற்றினார், ஆசிட்டை மாற்றினார், தன் மூக்குக்கண்ணாடியைக்கூட மாற்றினார். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை கணவர் வந்திருந்ததால் ஒழுங்காகக் கொதிக்க வைத்தேன். திங்கட்கிழமை இரண்டு மேடும் எழும்பின. “இன்னிக்கு என் கை சொன்ன பேச்சு கேட்டுடுச்சு!” என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். கையல்ல, கொதிதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த வாரமும் ரயில் ஐந்து பத்துக்குத்தான். மேடுகள் மறுபடி அமுங்கின.

ஒருநாள் கேட்டேவிட்டார். “மிஸஸ் குமார், ரெண்டு மணி நேரம் கொதிக்க வெக்கிறீங்கதானே?”

“ஆமா சார்.”

சந்தேகத்தின் நிழல்கூட அவர் முகத்தில் இல்லை. “அப்ப தப்பு என் கைதான்” என்று இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் அந்த வேறு நாட்டுக்காரருக்கு, நீங்கள் சொன்னதே சரியாக இருக்கலாம் என்று கடிதம் எழுதினார். அறையைக் காலி செய்து, நாட்டின் மறுகோடியில் பிளசன்டனில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவானது.

அவருடைய கடைசி நாளுக்கு டேகேரில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இரண்டு மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்க வைத்து, குடுவையை எடுத்துக்கொண்டு போனேன். மெஷினை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரே ஒரு தடவை ரன் பண்ணிப் பாருங்க.”

“போதும், மிஸஸ் குமார்.”

“இல்ல சார்… அது வந்து…”

பிரிவின் வருத்தம் என்று நினைத்துவிட்டார். “ஆபீசுக்கு உங்களைப் பத்தி எழுதியிருக்கேன். இந்தக் கட்டடத்துல எந்த வேலையையும் அரைகுறையா விடாத ஒரே ஆள் நீங்கதான்.” கை நீட்டினார். குலுக்கினேன். அந்தக் கை நடுங்கவே இல்லை.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. கோடு போடும் பேனாவை இப்போது படிக்கிற பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வரிசையாகப் பேட்டரிக் கார்கள் சார்ஜ் ஆகின்றன. அவர் இருந்திருந்தால் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்திருப்பார். அவர் மகள் வீட்டுக்குப் போன சில வருஷம் கழித்து, அந்தக் கட்டடத்து நோட்டீஸ் போர்டில் அவர் படமும் கீழே மறைந்த தேதியோடு இரண்டு வரியும் ஒட்டினார்கள். சொல்ல வேண்டியவள் இருக்கிறேன், கேட்க வேண்டியவர் இல்லை.

அவர் கைகுலுக்கிப் போன மறுநாள், அறையைக் காலி செய்ய வந்தவர்கள் குடுவையை உடைந்த கண்ணாடிகளைப் போடும் பெட்டியில் போட்டார்கள். மத்தியானம் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து பத்து ரயிலைப் பிடித்தேன்.