ஒரு முழம் தண்ணீர்

எங்கள் ஏரித் தண்ணீருக்கு எல்லை ஒரு சிவப்புத் துணி. மதகுப் படியை ஒட்டி நட்டிருந்த கம்பில் அதைக் கட்டியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. துணிக்கு மேலே நிற்கும் தண்ணீர் வயலுக்கு. கீழே நிற்பது மீனுக்கும், ஏரி நடுவே கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த வக்காக் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும். குஞ்சுகள் பறக்கும்வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஊர் கூடிப் பேசி, மதகுச் சாவியை அத்தையிடம் கொடுத்திருந்தார்கள். கறாரான மனுஷி என்பதால்தான் கொடுத்தார்கள். அந்தக் கறாரைத் தன்னிடமே காட்டுவாள் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் போர்வெல்லில் வெறும் காற்றுதான் வந்தது. தக்காளி காய் பிடித்து நின்ற நேரம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் பாலக்கோடு மண்டிக்குப் போகும், இல்லையென்றால் மாட்டுக்குத்தான். ஏரியோ துணியைத் தொட்டுவிட்டது. அத்தை மதகை அடைத்துவிட்டாள். அப்பா போய்க் கேட்டார்.

"துணிக்குக் கீழ ஒரு சொட்டு வுடமாட்டன்ணா. நீயாச்சும் கேக்காத இரு."

"கூடப் பொறந்தவனுக்கு இல்லாத தண்ணி கொக்குக்கு எதுக்கு?" என்று கத்திவிட்டு வந்தார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. மூன்றாம் வகுப்பு படித்த எனக்குத் தினமும் தலை பின்னிவிடுவது பக்கத்து வீட்டிலேயே இருந்த இதே அத்தைதான். இனி அந்த வூட்டுப் படியை மிதிக்கக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. அம்மா பின்னினால் ஒரு ஜடை கிழக்கே பார்க்கும், இன்னொன்று மேற்கே. ரிப்பன் கட்ட அவளுக்கு நேரமே இருக்காது. நானே இரண்டு காது வைத்துப் பூவாகக் கட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு காது எப்போதும் பெரிதாகிவிடும்.

இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதகுப் படியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தேன். தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு முழம் கீழே கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான்.

மறுநாள் காலை வேடிக்கை பார்க்கக் கரையில் நின்றேன். அத்தை வந்தாள். கம்பைப் பார்த்தாள், துணியைக் காணோம். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"துணி முழுகிக் கெடக்கு. ராத்திரி மழை பேஞ்சுதா கண்ணு?"

"ஆமா அத்தே. நல்ல மழை!"

காலடியில் புழுதி பறந்தது. அத்தை கொஞ்ச நேரம் எங்கள் தக்காளித் தோட்டத்தையே பார்த்தாள். பிறகு சாவியை மாட்டி மதகைத் திறந்தாள். பெரியவர்களை ஏமாற்றுவது இத்தனை சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

நாலு நாள் தண்ணீர் ஓடியது. துணி வெளியே தெரிந்ததும் அடைத்தாள். முதல் வேலையாக அதை அவிழ்த்து, அதே இடத்தில் தன் முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். தக்காளி பிழைத்தது. அப்பா முதல் கூடையைத் தன் கையாலேயே அத்தை வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். என் ஜடையும் நேரானது.

ஏரியிலும் முதலில் கொண்டாட்டம்தான். குறைந்த தண்ணீரில் மீன்கள் நெருக்கியடிக்க, நீர்க்காகம் முழுகிய இடத்திலெல்லாம் ஒரு மீனோடு எழுந்தது. அப்புறம் வெயில் ஏறியது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து, வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மரங்களைச் சுற்றிச் சேறு காய்ந்தது. தெருநாய்கள் மரத்தடிவரை நடந்தே போய்விட்டன. தாழ்ந்த கிளைக் கூடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குஞ்சுகளுக்குக் கொண்டுவந்த இரையோடு பறவைகள் அந்த மரங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஊர் கூடியது. மீன் குத்தகைக்காரர் குதியாய்க் குதித்தார். துணியை இறக்கியது யார் என்று கேட்டார்கள். நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நான்தாங்க எறக்குனன்," என்றாள் அத்தை. "எங்கண்ணன் தோட்டம் காயுதுன்னு எறக்குனன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாவியை வாங்கிக்கொண்டார்கள். அத்தை ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தப்பித்தோம் என்பது மட்டும் விளங்கியது.

மறுநாள் காலையும் அத்தைதான் தலை பின்னினாள். ஆனால் ரிப்பனைப் பூவாகக் கட்டவில்லை. கம்பில் துணி கட்டுவாளே, அப்படி இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இது அவுராது, போ," என்றாள்.

தண்ணீருக்குள் அன்று அவள் விரலில் தட்டுப்பட்டது ஒரு காது பெருத்த என் ரிப்பன் பூ என்பதும், மதகைத் திறந்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும் எனக்கு உறைக்க ரொம்ப வருஷம் பிடித்தது. அன்றைக்குத் தெரிந்தது தலை வலித்தது மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவிடம் போய் அத்தை மேல் புகார் சொன்னேன்.