முதலாளி மகள் எடுத்த ஒலிப்பதிவு

ஜெயசுதாவுக்கு ஆஷாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இருவரும் கோவையில் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியமும் மொழியியலும் படிக்கிறார்கள். அருள்புரத்திலிருந்து ஒரே பஸ். ஜெயசுதாவின் அப்பா ரத்தினசாமி பனியன் கம்பெனி முதலாளி. தெற்கேயிருந்து பிழைக்க வந்த ஆஷாவின் அம்மா விஜயராணி அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அந்த ஆஷா வாயைத் திறந்தால் பேராசிரியர் தேவிப்பிரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். வயிறு எரியாதா?

இந்த முறை கள ஆய்வு. வேலையிடத்தில் மக்கள் பேசும் பேச்சைப் பதிவு செய்துவர வேண்டும். சிறந்த ஆய்வுக்கு டெல்லிக் கருத்தரங்கில் இடம், அதுவும் ஒருவருக்குத்தான். இதையாவது அவளுக்கு விடக்கூடாது என்று ஜெயசுதா கறுவிக்கொண்டாள். சொந்தக் கம்பெனி இருக்கும்போது என்ன கவலை? டீ நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டெய்லர்களை ஒவ்வொருவராக அழைத்துப் போனை நீட்டினாள்.

"நல்லா இருக்கறோமுங்க. மொதலாளி தங்கமானவருங்க."

அடுத்தவரும் தங்கம் என்றார். பீகார் டெய்லர்கூட "மொதலாளி அச்சா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இது பேச்சு இல்லம்மா, பாராட்டு விழா," என்றார் வகுப்பில் அதைக் கேட்ட தேவிப்பிரியா. ஜெயசுதாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பிறகு ஆஷா தன் பதிவைப் போட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே எடுத்ததாம். மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல் பீகார் டெய்லரை விரட்டியது: "ஏ பையா, ஜல்தி கரோ! சம்சாரத்துகூட போன்ல பேசறப்ப ஓவர்லாக் மெஷினாட்டம் ஓட்டற, தெக்கறப்ப மட்டும் மாட்டு வண்டியா?" சுற்றிலும் சிரிப்பு. அந்தக் குரலே எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தது. ஜெயசுதாவும் தன்னை மறந்து சிரித்தாள். சிரித்து முடிக்கும்போதுதான் உறைத்தது. அது அவள் அப்பா.

டெல்லி ஆஷாவுக்குப் போயிற்று. போய்த் தொலையட்டும். பஸ்ஸில் ஜெயசுதாவை அரித்தது வேறு. வீட்டில் அப்பா அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. "சாப்பிட்டயா கண்ணு", "பஸ் கெடைச்சுதா கண்ணு", அவ்வளவுதான். அவளுடைய அப்பாவின் சிரிப்பு ஆஷாவின் போனில் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவின் முன்னால் போனை வைத்தாள்.

"கம்பெனில பேசற மாதிரி ஏதாச்சும் பேசுங்கப்பா."

"காலேஜுக்கா கண்ணு?"

"இல்லீங்கப்பா. எனக்கு."

ரத்தினசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"எம்பட பொண்ணு நல்லா படிக்கறாளுங்க. தங்கமான புள்ளைங்க."