சீதனமாக வந்த இரண்டு குடும்பங்கள்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்காரம்மா ரத்னம்மாவுக்கு என் பெயர் இன்னும் பிடிபடவில்லை. "தஞ்சாவூரு, மோட்டார் போட்டாச்சு, நீரு புடிச்சுக்கோம்மா" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பார். ஊரில் அப்பாவின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் எழுந்து நிற்பார். இங்கே, உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பலரில் நானும் ஒருத்தி. ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வலி புரியாது. அதனால்தான் எங்கள் வம்சத்தை மரமாக வரைந்து கூடத்தில் மாட்டுவதென்று முடிவு செய்தேன். வருகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஊரிலிருக்கும் பெரியப்பாவை போனில் கூப்பிட்டேன். உற்சாகமாகிவிட்டார். "உன் கொள்ளுப்பாட்டி லேசுப்பட்டவளா? நாலு ஜோடி மாடு, ரெண்டு குடும்பம் சீதனமா வந்துச்சு."

"அந்த ரெண்டு குடும்பமும் நமக்கு என்ன சொந்தம் பெரியப்பா?"

"சொந்தமா? ஆளுங்கம்மா. பண்ணைக்கு."

"அப்ப அடிமையா?"

"சேச்சே, அப்படியெல்லாம் பேசாத. வீட்டுப் புள்ளைங்க மாதிரி வச்சிருந்தோம்."

அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாடுகளில் ஒன்றின் பெயர் தெரிந்திருந்தது.

கம்பெனியில் என் மேலதிகாரி அமுதாவும் எங்கள் ஊர்தான், காலனிப் பக்கம். ஊரில் பார்த்திருந்தால் வா, போ என்றிருப்பேன். இங்கே மேடம். லீவு கேட்டு அவர் முன் நிற்கும்போதெல்லாம் என் முற்போக்கை நானே மெச்சிக்கொள்வேன். மறுநாள் கேன்டீனில், தயங்கித் தயங்கிப் பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"மாரியன், அவரு சம்சாரம் இருளாயி. எங்க தாத்தாவப் பெத்தவங்க. கல்யாணப் பொண்ணு வண்டியில வந்துச்சாம். இவங்க மாட்டப் புடிச்சிக்கிட்டுப் பின்னாடியே நடந்து வந்தாங்களாம். இன்னொரு குடும்பம் ராத்திரியோட ஓடிப் போயிருச்சு. புத்திசாலிங்க."

"இத்தன நாளா ஏன் மேடம் சொல்லல?"

"நீங்க லீவுதானே கேட்டு வந்தீங்க? குடுத்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு பண்ணுவதாக நினைத்து, "அவங்க பேரையும் எங்க மரத்துல எழுதட்டுமா?" என்றேன்.

அமுதா சிரித்தார். "செத்தும் உங்க வீட்டுலயேதான் கெடக்கணுமா? வேணாங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால், பரவாயில்லை என்று சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழும். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். மரம் பாதியிலேயே நின்றுவிட்டது.

பொங்கலுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். வழியனுப்ப வந்த ரத்னம்மா, "ரெண்டு பேரும் ஒரே ஊரா? அப்ப அக்கா தங்கச்சிதான்!" என்று பூரித்துப்போனார். நாங்கள் திருத்தவில்லை. தஞ்சாவூரில் இறங்கி டவுன் பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் இருவரும் ஒரே ஊரின் பெயரைச் சொன்னோம்.

"ஸ்டாப் எது? காலனியா, பெரிய தெருவா?"

காலனி முதலில் வந்தது. பிறந்த ஊரில் நான் ஒருநாளும் இறங்கியிராத நிறுத்தம். அமுதா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "பாத்துப் போங்க மேடம்" என்றேன், ஓசூர்ப் பழக்கத்தில். சொன்ன வாய் மூடுவதற்குள், எங்கள் தெருக்காரர்கள் யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன்.