பார்த்து அனுமதித்த திருத்தம்

சரியான ஓர் ஒழுங்கு பொய்யான காரணத்தின்மேல் நிற்குமானால், அந்தக் காரணத்தைத் திருத்தத்தான் வேண்டுமா? சுபோதினியின் வாழ்க்கை ஒரு திங்கட்கிழமை காலை இந்தக் கேள்வியில் வந்து நின்றது. நூல்களில் இதற்குப் பல பதில்கள் உண்டு. அவற்றில் ஒன்றாவது அன்று அவருக்கு உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. அங்கிருந்து ரயிலில் கொள்ளுப்பிட்டிக்கு வந்து வேலை. எங்கள் கொம்பனி மருத்துவ ஆய்வுகூடங்களுக்கு மென்பொருள் செய்கிறது. கொழும்பில் பத்தொன்பது ஆய்வுகூடங்கள் அதில்தான் இரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிடுகின்றன. பதினொரு வருடங்களாக நான் பக்கத்துப் பிரிவில் இருக்கிறேன். அவரைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். கவனமானவர். இரண்டும் ஒன்றல்ல.

சென்ற வருடம் பழைய நிரல்களைத் திருத்த ஏஐ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நிரலைத் தானே வாசிக்கும், பிழை கண்ட இடத்தைத் தானே மாற்றி எழுதும். மற்றப் பிரிவுகள் அதை அப்படியே எழுதவிட்டன. சுபோதினி மட்டும் முன்னோட்டம் வேண்டும் என்று நின்றார். பழைய வரி இடப்பக்கம் சிவப்பில், புதிய வரி வலப்பக்கம் பச்சையில். ஒரு மனிதர் பார்த்துச் சம்மதிக்கும்வரை உண்மையான நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

அதன் பிறகு எட்டு மாதம் அவர் பார்த்ததெல்லாம் சிவப்பும் பச்சையும்தான். நாளுக்கு எழுபது, எண்பது திருத்தம். பெரும்பாலும் வெற்று வரியை நீக்குவதும் நீண்டதைச் சுருக்குவதும். மற்றப் பிரிவுகள் முடித்துவிட்ட வேலை அவருடைய பிரிவில் பாதியில் கிடந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர் தடுத்தவை மூன்று, மூன்றும் அற்பம். மேலிடம் முன்னோட்டத்தை நிறுத்தச் சொல்லி நெருக்கியது. பிரிவின் முகாமையாளர் இப்ஹாம் அவரைவிட இளையவர், கெட்ட மனிதர் அல்ல, ஆனால் வாய் சும்மா இராது.

"அக்கா, கல்யாணத்துக்கும் இப்பிடித்தான் ஒவ்வொண்டாப் பொருத்தம் பார்த்தீங்களா?"

"ஓம், பார்த்தவைதான். பத்துக்கு எட்டு."

அந்தக் கல்யாணம் மூன்றாம் வருடமே முடிந்துபோனது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்திலிருந்து றோஸி தொலைபேசியில் அழைத்தார். முடிவுத் தாள்களைக் கையளிப்பவர் அவர்.

"மிஸ், ஒரு வீட்டு ரெண்டு புள்ளயும் ஒரே ஃபைலுக்குள்ள வருது. அக்காவுக்கு டெங்கு. நேத்து பிளேட்லெட் எழுபதாயிரம். இன்டைக்கு ரெண்டரை இலட்சம் எண்டு காட்டுது. அது தம்பிட ரிசல்ட். நான் கடுதாசியக் குடுக்கல்ல."

"குடுக்காதேங்கோ," என்றார் சுபோதினி. "இண்டைக்கு ஒரு பிள்ளையின்ரயும் குடுக்காதேங்கோ."

காரணம் அரை மணி நேரத்தில் பிடிபட்டது. அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளை மென்பொருள் இரண்டு விஷயங்களால் அடையாளம் காணும்: பெற்றோரின் தொலைபேசி இலக்கம், பிள்ளையின் சொந்தப் பெயர். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும்: தனஞ்சயன் மயூரி, தனஞ்சயன் லவன். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பெயர் முன்னால். அதற்காக இரண்டு தனித்தனித் துண்டுகள் நிரலில் இருந்தன. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்த அவற்றை ஏஐ ஒன்றாக்கி, முன்னால் வருவதையே எல்லோருக்கும் சொந்தப் பெயராக எடுக்கவைத்துவிட்டது. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் மென்பொருளுக்குத் தனஞ்சயன் என்ற ஒரே பிள்ளை.

பின்னேரத்துக்குள் திருத்தம் விலக்கப்பட்டது. பிழையான எந்தத் தாளும் வெளியே போயிருக்கவில்லை. யார் அனுமதித்தது என்று பதிவைப் பார்த்தால் பிரிவின் பெயர்தான் இருந்தது; அந்தப் பிரிவின் ஆறு பேரும் ஒரே கணக்கில்தான் நுழைவார்கள். யாரோ ஒருவர் பார்க்காமலே மொத்தமாக அனுமதித்திருக்கிறார் என்று இப்ஹாம் முடிவுகட்டினார். திங்கள் காலை ஓர் அறிவித்தல் எழுதினார். அதில் இரண்டே வசனங்கள். இந்தத் திருத்தம் முன்னோட்டம் பார்க்கப்படாமல் உள்ளே போனது. இனி முன்னோட்டம் இல்லாமல் எதுவும் போகாது, அதற்குப் பொறுப்பு சுபோதினி.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி," என்றார். "ஒருக்காப் பார்த்திட்டு நீங்களே எல்லாருக்கும் அனுப்புங்க."

எட்டு மாதம் கேட்டுக் கிடைக்காத உறுதி கையில் வந்து நின்றது. ஆனால் அந்தத் திருத்தத்தைப் பார்த்தவர் சுபோதினிதான். றோஸி அழைத்ததற்கு முந்திய நாள் மத்தியானம், அன்றைய அறுபத்தொன்றாவது. இடமும் வலமும் முழுதாக வாசித்திருந்தார். பரவாயில்லை, சுத்தமாகச் செய்திருக்கிறது என்றுகூட நினைத்திருந்தார். பள்ளிக்கூட இடாப்பில் பெயர் பதிந்த நாளிலிருந்து இன்றுவரை தன் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரைச் சுமப்பவர். ஆறு வருடத்துக்கு முன் அந்த இரண்டாவது துண்டை எழுதியதும் அவர்தான். எதற்கென்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கவில்லை.

"எங்கட ஆக்களுக்குத் தெரியாத விஷயமே எண்டு எழுதாமல் விட்டனான்," என்று பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னார்.

அறிவித்தல் அப்படியே போனால் முன்னோட்டம் நிலைக்கும். பத்தொன்பது ஆய்வுகூடங்களிலும் பிள்ளைகள் இன்னும் சற்றுப் பத்திரமாக இருப்பார்கள். உண்மை தெரிந்தால் மேலிடம் ஒரே கேள்விதான் கேட்கும்: பார்த்தும் தப்பியதென்றால் பிறகு எதற்குப் பார்ப்பது? அன்று செய்ததை ஏன் செய்தீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். மழைக்கு முன் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

அன்று அவர் செய்தது இதுதான். முதல் வசனத்தில் 'முன்னோட்டம் பார்க்கப்படாமல்' என்பதை அழித்து, 'சுபோதினி முன்னோட்டம் பார்த்து அனுமதித்த பின்' என்று எழுதினார். இரண்டாவது வசனத்தைத் தொடவில்லை. எல்லோருக்கும் அனுப்பினார்.