முந்திரிக்கொட்டை டீச்சர் வாயை மூடிய நாள்

வீட்டில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர். வைத்தது நாத்தனார். யாராவது பேச வாயெடுத்தால் போதும், மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். கணவரிடம் "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள். அவர் மென்று விழுங்குவதற்குள், "சரியாத்தான் இருக்கு" என்று தானே சொல்லிவிட்டு அடுத்த கரண்டியைப் போடுவாள். அவரும், பேசுகிற வேலை மிச்சம் என்று நிம்மதியாகக் குடித்தனம் நடத்தினார்.

இந்த வாயை வைத்துத்தான் அவள் பல வருடம் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் விசாரணை ஜன்னல். "எங்கப்பாவுக்குக் கண்ணு..." என்று ஒருவர் இழுத்தால், "மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு இடப்பக்கம், பழைய சீட்டை மறக்காதீங்க" என்று பதில் பறக்கும். அங்கே அது திறமை. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை அவளைச் சும்மா விடவில்லை. வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். அக்கா, அக்கா என்று சுற்றிவந்த இளசுகளோடு உட்கார்ந்து எல்லாப் பரீட்சையையும் ஊதித் தள்ளினாள்.

கவிழ்த்துவிட்டது கடைசிக் கட்டம்தான். நிஜப் பள்ளியில் சில வாரம் பாடம் நடத்த வேண்டும். முடிவில் கல்லூரி விரிவுரையாளர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். போன வருடம் அந்த அம்மா இவளை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டார். "கேள்வியும் நீங்களே கேட்டீங்க, பதிலும் நீங்களே சொன்னீங்க. பிள்ளைங்க வேடிக்கை பார்த்தாங்க." இரண்டாவது வாய்ப்பு உண்டு, மூன்றாவது கிடையாது. இதிலும் கோட்டை விட்டால் டீச்சர் கனவு அவ்வளவுதான்.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? இந்த வருடம் கிடைத்த இரண்டாம் வகுப்பிலும் வாரக்கணக்கில் அவளே கேட்டு அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். விரிவுரையாளர் வருவதற்கு முதல் நாள் நாத்தனார் களத்தில் இறங்கினாள்.

"கேள்வியைக் கேட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு நில்லுங்க அண்ணி. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் பேசக்கூடாது. வாங்க, அண்ணனை வச்சுப் பழகிப் பார்க்கலாம்."

கணவர் மாணவராக உட்கார்ந்தார். ஏழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், காதைக் குடைந்தார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் "பதினஞ்சு" என்று அவர் சொன்னபோது மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அண்ணனையே பொறுத்துட்டீங்க. இனி எந்தப் பிள்ளையையும் பொறுத்துடுவீங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் வகுப்பறையில் மேஜைமேல் ஒல்லியான உயரப் பாட்டில் ஒன்று, குட்டையான குண்டு டப்பா ஒன்று. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு டம்ளர். பின்வரிசையில் அதே விரிவுரையாளர்.

"இந்த ரெண்டுல எதுல தண்ணி அதிகமாப் பிடிக்கும்?"

கேட்டுவிட்டு வாயை மூடினாள். பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு சுகமாகக் காத்திருந்தார்கள். இத்தனை வாரமும் பதில் டீச்சரிடமிருந்துதானே வந்தது, இன்றும் வரும். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள், பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். விரிவுரையாளர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். பதில் நாக்கு நுனிவரை வந்து துடித்தது. அவள் கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டு நின்றாள். செத்தேன் என்றே நினைத்தாள்.

முன்வரிசையிலிருந்து முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து வந்தாள். டீச்சரைக் குனியச் சொல்லி, வகுப்பு முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் கேட்டாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியலையா?"

டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த டீச்சர், பெரிய மேடம் வந்திருக்கிற நேரம் பார்த்து மாட்டிக்கொண்டார் என்று வகுப்பே பதறிப்போனது.

"பயப்படாதீங்க டீச்சர், நாங்க கண்டுபிடிச்சுத் தரோம்."

"பாட்டில்தான், அதுதான் உயரம்."

"போடா, டப்பாதான் குண்டு."

"ஊத்திப் பார்த்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

ஒருவன் ஊற்ற, ஒருத்தி பிடிக்க, மீதிப் பேர் தொண்டை கிழிய டம்ளர் டம்ளராக எண்ணினார்கள். எண்ணிக்கை தப்பிவிட்டதென்று சண்டை வந்தது. எல்லாவற்றையும் வாளியில் கொட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பாதித் தண்ணீர் தரையில் ஓடியது. விரிவுரையாளர் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். டப்பா ஜெயித்ததும் ஒரே ஆரவாரம். உயரமாக இருந்தால் போதாது, அகலமும் வேண்டும் என்று பிள்ளைகளே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச யாரும் இடம் கொடுக்கவும் இல்லை.

மணி அடித்தது. நனைந்த தரையில் அடிமேல் அடிவைத்து விரிவுரையாளர் முன்னால் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்பல் இல்லாதவள் குறுக்கே புகுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எங்க டீச்சரை ஃபெயில் போட்டுடாதீங்க. முதல்ல அவங்களுக்குத் தெரியலை, நிஜம்தான். இப்ப நாங்க சொல்லிக் கொடுத்துட்டோம்."

"அப்போ பாஸ் போட்டுட வேண்டியதுதான்" என்றார் விரிவுரையாளர்.