நாலு காலோட முப்பத்தொண்ணு

அண்ணன் விடுதிக்குப் போன வருடம் மேலகரத்துக் கடைகளில் பாயசக் கப்புக்குப் பஞ்சம் வந்தது. எந்தக் கடையில் கேட்டாலும், "இப்பத்தான உங்கப்பா வந்து வாங்கிட்டுப் போனாவ" என்றார்கள். ஒரு கடைக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம் என்று முடிவு செய்துகொண்டு, யாருக்குக் கல்யாணம், எந்த மண்டபம் என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஆக்ஸலாட்டில் என்கிற பிராணியின் குஞ்சுகளுக்கு என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது? பத்து வயதில் எனக்கே வாயில் நுழையாத பெயர் அது. மீனும் இல்லை, பல்லியும் இல்லை, சாகும்வரை தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், செவுள் மட்டும் கழுத்துக்கு வெளியே கொப்பு கொப்பாக நிற்கும் என்று விளக்குவதற்குள் பொழுது போய்விடும். சித்திக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கப்புகளை வாங்கி வந்தேன்.

எல்லாம் அண்ணன் செய்த வேலை. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய விடுமுறையில் பாளையங்கோட்டையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனவன், திரும்பி வரும்போது ஈரத் துண்டில் சுற்றிய ஒரு சர்பத் பாட்டிலோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். பாட்டிலுக்குள் பாசிக்கொடி. கொடி முழுக்க ஜவ்வரிசி வெந்தது போல வழவழப்பான மணிகள், ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. நாற்பது முட்டை என்றான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் இது வரக் கூடாது என்று அன்றைக்கே சொன்னாள். அந்தச் சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு இருந்தது என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா அதற்கு முன்பே அண்ணனைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குச் சேர்த்திருந்தார். போக மாட்டேன் என்று அவன் சண்டை போடவில்லை. பேசாமல் இருந்தான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். ஒரு வாரம் வீடு அப்படிக் கிடந்தது. எட்டாம் நாள் அவனே பாட்டிலோடு அப்பா முன்னால் வந்து நின்றான்.

"இது பொரிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆவும். ஒண்ணு விடாம வளத்துத் தாறோம்னு சொன்னா போறேன்."

"இவ்வளவுதானலே? ஒண்ணு சாவாம நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

அப்பா எதற்கும் முதலில் சரி என்று சொல்லிவிடுவார், யோசனை பிறகு வரும். அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி, அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அப்பாவைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. தண்ணீர் சூடாகக் கூடாது, பனிக்கட்டி பாட்டிலை மிதக்க விட வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்திருக்க வேண்டும். வெள்ளையாகிப் போன முட்டையைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். பொரித்த குஞ்சு செத்த தீனியைத் தொடாது, கண் முன்னால் அசைவதைத்தான் கவ்வும். அதற்காக உப்புத் தண்ணீரில் தூசி மாதிரி இறால் முட்டைகளைப் போட்டு, காற்று மோட்டார் ஓடவிட்டு, தினமும் புதிதாகப் பொரிக்க வைக்க வேண்டும். அதாவது குஞ்சுகளுக்குத் தீனி போட நாங்கள் வேறு குஞ்சுகளை வளர்க்க வேண்டும். அண்ணனோ அங்கே மணி அடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால் போதும்.

அண்ணன் போன ஒன்பதாம் நாள் முட்டைகள் பொரிந்தன. முப்பத்தொன்று தேறின. பிரிட்ஜில் மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவில் இறால் முட்டை டப்பா வந்து உட்கார்ந்தது. ஐஸ் பெட்டி முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். அடுப்பு மேடையில் மோட்டார் இரவும் பகலும் கொரகொரவென்று ஓடியது. அம்மா குஞ்சுகளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தாள். அப்பா கால் முளைத்த அயிரை மீன் என்றார். தீனி போடுவது நான், தண்ணீர் மாற்றுவது அம்மா, மேற்பார்வை அப்பா. மேற்பார்வை என்றால் ஆபீஸ் விட்டு வந்ததும் குனிந்து பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்பது.

முன்கால் முளைத்ததும் அவை ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்தன. பக்கத்தில் அசைவது தம்பியின் கால் என்று அவற்றுக்குத் தெரிவதில்லை. கால் போனால் பயப்படாதே, திரும்ப முளைக்கும் என்று நோட்டில் சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருந்தான். நாங்கள் விழிப்பதற்குள் இரண்டு குஞ்சு போய், நாலைந்துக்குக் கால் குறைந்துவிட்டது. பாயசக் கப்பு வந்தது இப்படித்தான். கப்புக்கு ஒன்று. வீட்டிலேயே குளிர்ச்சியான பின்னறைத் தரையில் ஏழு வரிசை.

ஒரு நாள் டெங்குக் கொசுப்புழு பார்க்கும் அக்கா டார்ச் லைட்டோடு வீட்டுக்குள் வந்தாள். தொட்டி, பானை, பூந்தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தொன்பது கப்பு தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஏதோ நெளிகிறது.

"என்னக்கா இது, நாங்க தெருத் தெருவா இத அழிச்சிக்கிட்டு வாறோம், நீங்க பந்தி போட்டு வச்சிருக்கிய?"

அம்மா அவளை உட்கார வைத்து, மோர் கொடுத்து, இது கொசுவைத் தின்கிற சாதி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். அன்று ராத்திரி அம்மா அப்பாவுக்கு வைத்த தோசை எல்லாம் கருகியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் இதைவிட மோசம். விடுதியில் வார்டன் போனில் பத்து நிமிடம் பேச விடுவார்கள். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள், அண்ணன் ம் என்பான். அப்பா படிப்பைப் பற்றிக் கேட்பார், அதற்கும் ம்தான். பிறகு, அவள்ட்ட குடுங்க என்பான். என்னிடம் வந்ததும் ஆரம்பித்துவிடுவான். எத்தனை இருக்கு? எல்லாத்துக்கும் நாலு காலும் இருக்கா? செவுள் சிவப்பா இருக்கா, வெளுத்திருக்கா? கையை ஆட்டினா முன்னால வருதா?

முதல் இரண்டு குஞ்சு போன வாரமே அப்பா என்னிடம் சொல்லி வைத்திருந்தார். "எண்ணிக்க கொறஞ்சிட்டுன்னு சொல்லாத. பயலுக்கு மனசு ஒடஞ்சிப் போவும்." சொன்ன சொல் போய்விடும் என்பதுதான் அவர் கவலை என்று நான் நினைத்தேன். அதனால் முப்பத்தொண்ணு, எல்லாத்துக்கும் நாலு காலு என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். ஓட்டப் பந்தயத்தில் விழுந்து என் முன்பல் உடைந்த வாரம், அவன் கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டு, "அண்ணே, எனக்குப் பல்லு ஒடஞ்சிட்டு" என்றேன்.

"அப்படியா. தண்ணி மாத்துனியா?" என்றான்.

போனை அம்மா கையில் திணித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கூடப் பிறந்தவளின் பல்லைவிட ஒரு பல்லியின் கால் பெரிதாகப் போய்விட்டதே என்று அழுகை அழுகையாக வந்தது.

ஆடி பிறந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேலகரத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சாரல் சீசன் என்றால் விருந்தாளி என்று அர்த்தம். குற்றாலத்தில் குளிக்க மதுரையிலிருந்து பெரியப்பா வீட்டார் ஒன்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பின்னறை அவர்களுக்கு வேண்டும். கப்புகள் எல்லாம் கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் விளிம்பிலும் ஏறின. குளோரின் போக வாளிகளில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அருவியில் நனைந்த துணிகளை அலச எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஒன்பது பேருக்குச் சமைப்பதிலேயே கை ஒழியவில்லை. இரண்டு நாளாகக் கப்புகளில் தண்ணீர் மாறவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. விடியற்காலையில் இரண்டு கேன்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு மெயின் அருவிக்குப் போனார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குற்றாலத் தண்ணீர் என்றால் மருந்து. சளிக்கும் அதுதான், பித்தத்துக்கும் அதுதான். விருந்தாளிகள் ஊர் திரும்பும்போது கேனில் பிடித்துக்கொண்டு போவதும் அதைத்தான். ஆனால் சீசன் கூட்டத்தில் கேனோடு அருவிக்கு அடியில் போகப் போலீஸ் விடவில்லை. அப்பா கொஞ்சம் கீழே, ஓடி வருகிற தண்ணீரில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மலையிலருந்து மூலிகையத் தொட்டுக்கிட்டு வருத தண்ணி. இதுல வளராதது வேற எதுல வளரும்?"

அவரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கப்பு கப்பாகப் பழைய தண்ணீரை இறுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினார். மேற்பார்வையை விட்டு அவர் இறங்கி வந்தது அன்றைக்குத்தான். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஒவ்வொன்றாக எடுத்தார். ஜன்னலில் இருந்த ஐந்து கப்புக்கு வரும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அருவியில் நிற்பதுதான் குற்றாலக் குளியல். தேய்த்த எண்ணெயும் சீயக்காயும் ஷாம்பூவும் எங்கே போகும்? கீழேதான் வரும். அத்தனை வருடமாக அங்கே குளிக்கிற எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மத்தியானம் தீனி போடப் போனபோது கப்புகளில் தண்ணீர் மேலே பளபளவென்று மினுங்கியது. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் எதுவும் தீனிக்கு முன்னால் வரவில்லை என்று கண்டேன்.

இருபத்துநாலும் போயின. தண்ணீர் போதாமல் விட்ட ஐந்து மட்டும் ஜன்னலில் பிழைத்துக் கிடந்தன.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை. பெரியப்பா, மீன்குஞ்சுதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றதற்குத் தலையை ஆட்டினார். கப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டாள். எனக்குப் பசித்தது, அவர் வராமல் அம்மா சாப்பாடு போட மாட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. முப்பத்தொண்ணு என்றேன். நாலு காலு என்றேன். அதற்கடுத்த வாரமும். நடுவில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போய், பனிக்கட்டி இல்லாமல் தண்ணீர் சூடாகி மூன்று குஞ்சுகள் போயின. கப்பு கழுவுகிற நேரத்தில் மிச்சம் இருந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் விட்டுவிட்டேன். ஒன்று மற்றதின் காலைக் கவ்வியது. கடித்தது தொண்டையில் அடைத்துச் செத்துப்போனது, கடிபட்டது பிழைத்தது. அதற்கும் என் வாயில் முப்பத்தொண்ணுதான். சனிக்கிழமை சாயங்காலமே எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும்.

காலாண்டு விடுமுறைக்கு அண்ணன் வந்தான். மெலிந்து, முடி ஒட்ட வெட்டி, யாரோ மாதிரி இருந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல், பிழைத்ததை நாங்கள் விட்டிருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நேராகப் போய் நின்றான். உள்ளே ஒன்றே ஒன்று, மூன்று காலோடு. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் அரிசி முனை அளவுக்கு ஏதோ வெளுப்பாக முளைத்திருந்தது. அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் அடி வாங்கத் தயாராகக் கதவோரம் நின்றேன்.

அவன் கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டினான். அது முன்னால் வந்தது. அவன் சிரித்தான்.

"முட்டை குடுத்த பாளையங்கோட்டைக்காரன் வீட்டுலயே முந்நூறு முட்டையில ஒம்பதுதான் தேறிச்சு. ஒனக்கு மட்டும் நாலு காலோட முப்பத்தொண்ணா, ட்டி?"

"அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"நீ அப்படிச் சொன்ன மொத வாரமே தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரிந்துகொண்டே எதற்காக வாராவாரம் கேட்டாய், எனக்கு எத்தனை நாள் வயிற்றுவலி தெரியுமா என்று அவன் முதுகில் குத்தினேன். அவன் தொட்டியை விட்டுத் திரும்பவே இல்லை.

"வேற என்ன கேக்க?" என்றான்.

பேப்பருக்குப் பின்னால் அப்பா தொண்டையைச் செருமினார். என்ன மடையன் இவன், கேட்பதற்கா விஷயம் இல்லை, என் பல்லைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்றுதான் நான் நினைத்தேன். பல வருடம் இதை அவன் முட்டாள்தனம் என்றே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இப்போது வேலைக்காக ஹைதராபாத்தில் இருக்கிறேன். எனக்குப் பத்து நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குரல் வந்ததும், கேட்க நினைத்ததை எல்லாம் கேட்டால் பாதியில் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்துவிடுகிறது. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று மட்டும் கேட்பேன். போன பங்குனியிலும் கேட்டேன். மழைத் துளி இல்லாத, அருவி வெறும் பாறையாகக் கிடக்கிற மாதம்.

"விழுதும்மா, நல்லா விழுது" என்றார் அப்பா.

ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுகிறது என்று கேட்டேன். அஞ்சுலயும் விழுது என்றார்.